நடுவரிடம் கத்துவது எதனால் தொடர்கிறது, எதனால் குறைந்தது

2023 மார்ச் 3, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானம். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துப் போட்டியின் பிளே ஆஃப் ஆட்டம். பெங்களூரு எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் 90 நிமிடம் ஆடியும் கோல் விழாமல் கூடுதல் நேரத்துக்குள் வந்திருந்தன. 96-வது நிமிடத்தில் பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக், அதாவது எதிரணியின் தவறுக்காகக் கொடுக்கும் இலவச உதை, கிடைத்தது. கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் அமைத்து முடிப்பதற்குள் சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் போட்டுவிட்டார். நடுவர் கிறிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். விரைந்து எடுக்கும் ஃப்ரீ கிக்குக்கு விசில் தேவையில்லை என்கிறது விதி. ஆனால் இந்த இடத்தில் விசில் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்பது கேரள அணியின் வாதம். நடுவரைச் சூழ்ந்துகொண்டு வாதாடினார்கள். கொஞ்ச நேரத்தில் கோச் இவான் வுகோமனோவிச் தன் வீரர்களை வெளியே அழைத்துக்கொண்டார். அவர்கள் திரும்பி வரவில்லை. பெங்களூரு வென்றதாக அறிவித்தார்கள்.

அந்த மாதக் கடைசியில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு தண்டனையை அறிவித்தது. கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும், இருவரும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற உத்தரவு. இந்தியக் கால்பந்தில் இவ்வளவு பெரிய தண்டனை அபூர்வம். மேல்முறையீடும் எடுபடவில்லை.

கோல் சரியா தவறா என்ற பட்டிமன்றம் இன்றும் ஓயவில்லை, நான் அதற்குள் போகவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. நடுவரைச் சூழ்ந்து நின்ற அந்தச் சில நிமிடங்களில் மைதானத்துக்குள்ளேயே எதுவும் மாறவில்லை. சூழ்ந்ததற்காக அந்த இடத்தில் யாரும் எதையும் இழக்கவில்லை. தண்டனை வாரக்கணக்கில் கழித்து, ஒரு கடிதமாக வந்தது. வாரியத்தின் கடிதத்தைப் பார்த்துத் திருந்துகிற ஆட்டக்காரரை நான் அதிகம் கண்டதில்லை. நடுவர்களை மரியாதையாக நடத்த வேண்டும் என்று முப்பது வருடமாக உலகமெங்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சு எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று பார்த்தால் ஒரே ஒரு வித்தியாசம்தான் தெரிகிறது. கத்தியதற்கு விலை அதே ஆட்டத்தில், அதே நிமிடத்தில், அதே அணியின் கையிலிருந்து போன இடங்களில் மட்டும் நிலைமை மாறியது.

ஏன் என்று புரிய, வீரர்கள் எதற்காகக் கத்துகிறார்கள் என்று முதலில் யோசிக்க வேண்டும். ஆத்திரத்தில் வாய் தவறிவிடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஓரளவு அதுவும் உண்டு. ஆனால் நடுவர் கொடுத்த பெனால்டியைக் கத்தித் திரும்பப் பெற முடியாது என்பது ஒவ்வொரு தொழில்முறை வீரருக்கும் தெரியும். அவர்கள் கத்துவது அந்த முடிவுக்காக அல்ல, அடுத்த முடிவுக்காக. இப்போது எட்டுப் பேர் சூழ்ந்து நின்றால், பத்து நிமிடம் கழித்து இரண்டு பக்கமும் சொல்லக்கூடிய ஒரு மோதல் வரும்போது நடுவரின் கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தைத்தான் வாங்கப் பார்க்கிறார்கள்.

அது கிடைக்கவும் செய்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. 2002-ல் ஆலன் நெவில் உள்ளிட்ட இங்கிலாந்து ஆய்வாளர்கள், தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு லிவர்பூல் - லெஸ்டர் ஆட்டம் ஒன்றின் காட்சிகளைப் போட்டுக் காட்டி, எது ஃபவுல் எது இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். சிலருக்கு ரசிகர் சத்தத்தோடு, சிலருக்குச் சத்தமே இல்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள், சத்தமின்றிப் பார்த்தவர்களைவிடச் சொந்த மைதான அணிக்கு எதிராகச் சுமார் 15 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். அவர்கள் ஊழல்காரர்கள் அல்லர், பயந்தாங்கொள்ளிகளும் அல்லர். மனித மூளை சத்தத்தையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. கொரோனா காலத்தில் காலி மைதானங்களில் ஆடியபோது, வெளியூர் அணிகளுக்கு வழக்கமாகக் கூடுதலாக விழும் மஞ்சள் அட்டைகள் குறைந்ததையும் பல ஆய்வுகள் பதிவு செய்தன. ஆக, சத்தம் வேலை செய்கிறது. வேலை செய்கிற ஒன்றை நீதிபோதனை சொல்லி நிறுத்த முடியாது.

இங்கிலாந்து முதலில் வேறு வழிகளை முயன்றது. 1998 செப்டம்பரில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணியின் பாவ்லோ டி கானியோ, சிவப்பு அட்டை காட்டிய நடுவர் பால் ஆல்காக்கை நெஞ்சில் பிடித்துத் தள்ளினார். நடுவர் தடுமாறிப் பின்னால் போய் விழுந்த காட்சியை உலகமே பார்த்தது. டி கானியோவுக்கு 11 ஆட்டத் தடை. அதற்குப் பின் சில வருடங்கள், நடுவரிடம் முறைத்துக்கொண்டால் ஃப்ரீ கிக்கை 10 கஜம் முன்னால் நகர்த்தலாம் என்ற ரக்பி வழக்கத்தைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் கால்பந்தில் 10 கஜம் நெருங்கி வருவது எப்போதும் லாபமல்ல. சுவருக்கு மேலாகப் பந்தை வளைத்து இறக்க இடமில்லாமல் போகும் சந்தர்ப்பங்களும் உண்டு. 2005-ல் அது கைவிடப்பட்டது.

2008-ல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ‘ரெஸ்பெக்ட்’ என்ற பெரிய இயக்கத்தைத் தொடங்கியது. சிறுவர் ஆட்டங்களில் பெற்றோர் எல்லைக்கோட்டை நெருங்காதபடி கயிறு கட்டினார்கள். வீரர், கோச், பெற்றோர் என்று தனித்தனியாக நடத்தை விதிகள் அச்சிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். நடுவரிடம் கேப்டன் மட்டும் பேசுவது நல்லது என்றும் சொன்னார்கள். அந்த ‘நல்லது’தான் பிரச்சினை. கேப்டன் அல்லாதவர் ஓடி வந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் இல்லை. பதினைந்து வருடம் ஓடியது. 2023 தொடக்கத்தில் பிபிசி அடித்தள ஆட்டங்களின் நடுவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பதில் சொன்ன 927 பேரில் 293 பேர், தங்கள்மீது யாராவது கை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். திட்டு வாங்காதவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதே ஆண்டு மார்ச்சில், மான்செஸ்டர் யுனைடெட்டுடனான எஃப்.ஏ. கோப்பைக் கால் இறுதியில் ஃபுல்ஹாம் அணியின் மித்ரோவிச் நடுவர் கிறிஸ் கவானாவின் கையைப் பிடித்துத் தள்ளினார். தடை 8 ஆட்டம். டி கானியோ காலத்துக்கும் இதற்கும் இடையில் கால் நூற்றாண்டு. காட்சி மட்டும் மாறவில்லை.

ஆனால் இதே இங்கிலாந்தின் கீழ்மட்ட லீகுகளில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. எனக்கு இந்த விவகாரம் முழுவதிலும் மிகவும் நம்பிக்கை தருவது அந்தக் கதைதான்.

2017 முதல் இரண்டு சீசன்கள், 31 லீகுகளில் ‘சின் பின்’ என்ற ஏற்பாட்டைச் சோதித்தார்கள். விதி எளிது. நடுவரின் முடிவை எதிர்த்து வாயாடினால் மஞ்சள் அட்டை. அட்டையோடு நடுவர் இரண்டு கைகளையும் வெளியே நீட்டிக் காட்டுவார். அந்த வீரர் 10 நிமிடம் வெளியே போய் உட்கார வேண்டும். அவருக்குப் பதில் ஆள் இறக்க முடியாது. முரட்டுத்தனமான ஃபவுலுக்கு இது கிடையாது, நேரத்தைக் கடத்துவதற்குக் கிடையாது. வாய்க்கு மட்டும்.

அந்த 10 நிமிடம் எப்படி ஓடும் என்று கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒரு நடுக்கள வீரர், த்ரோ இன் தனக்கு வரவில்லை என்று துணை நடுவரை நோக்கிக் கையை வீசி ஏதோ சொல்லிவிட்டார். வெளியே அனுப்பப்பட்டார். பத்துப் பேரோடு ஆடும் அணி உடனே தன் அமைப்பை மாற்ற வேண்டும். முன்களத்தில் ஒருவர் பின்னால் இறங்கி வர வேண்டும், இருபுறமும் ஓடும் பையன்கள் இரட்டிப்பாக ஓட வேண்டும். எதிரணிக்கு இது பெனால்டி மாதிரி ஒரு பரிசு. மூச்சிரைக்க ஓடுகிற ஒவ்வொருவரும் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் அனுதாபம் இருக்காது. பழைய மஞ்சள் அட்டைக்கு அணியில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ‘நமக்காகத்தானே பேசினான்’ என்று முதுகில் தட்டுவார்கள். இப்போது அவர் அணிக்குச் செலவு வைத்துவிட்டார். வாயாடுபவனை அடக்கும் வேலை நடுவர் கையிலிருந்து சக வீரர்கள் கைக்கு மாறிவிட்டது. அடுத்த முறை அவர் வாயைத் திறப்பதற்குள் தடுப்பு வீரர் ஒருவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்.

சோதனை நடந்த லீகுகளில் இத்தகைய வாக்குவாதம் மொத்தத்தில் 38 சதவீதம் குறைந்ததாகச் சங்கம் அறிவித்தது. 2019-20 முதல் அடித்தள லீகுகள் எல்லாவற்றுக்கும் இது விரிவாக்கப்பட்டது. பதினைந்து வருடப் பிரசாரத்தால் ஆகாதது, ஒரு 10 நிமிடக் காத்திருப்பால் ஆயிற்று. வீரர்கள் நல்லவர்களாக மாறிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்கு மாறியது, நடத்தை மாறியது.

இதைப் பெரிய லீகுகளுக்கும் கொண்டுபோகும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. 2024-ல் இதற்கென நீல அட்டை வரப்போகிறது என்று பரபரப்பு கிளம்பி, உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் எதிர்ப்பில் அடங்கிப்போனது. மேலே வந்தது வேறொரு வழி.

2024 யூரோ கோப்பைக்குச் சில வாரங்கள் முன்பு, ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவின் நடுவர் பிரிவுத் தலைவர் ரொபெர்த்தோ ரொசெத்தி அணிகளுக்கெல்லாம் ஒரு செய்தி சொன்னார். களத்தில் 22 பேர் இருக்கிறார்கள், 22 பேருக்கும் நடுவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இனி கேப்டன் மட்டும் வரலாம், முக்கியமான முடிவுகளின் காரணத்தை நடுவர் அவருக்குச் சொல்வார். வேறு யாராவது முறைத்துக்கொண்டு வந்தால் மஞ்சள் அட்டை. கேப்டன் கோல்கீப்பராக இருந்தால், அவர் அவ்வளவு தூரம் ஓடி வர வேண்டியதில்லை, களத்தில் இன்னொருவரை முன்கூட்டியே நியமித்துக்கொள்ளலாம்.

2008-ன் யோசனையேதான் இது. ஆனால் இரண்டு மாற்றங்கள். ஒன்று, மீறினால் அட்டை உண்டு. இரண்டாவதை நான் அதைவிட முக்கியமாக நினைக்கிறேன், நடுவரும் தன் பங்குக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறார். காரணம் சொல்வேன் என்கிறார். ‘வாயை மூடு’ என்று மட்டும் சொன்னால் எந்த மனிதனுக்கும் சுருக்கென்று குத்தும். ‘உங்கள் கேப்டனை அனுப்பு, நான் விளக்குகிறேன்’ என்றால் அந்த ஆத்திரம் போவதற்கு ஒரு வாசல் கிடைக்கிறது. 2023 மகளிர் உலகக் கோப்பையில் வி.ஏ.ஆர். (வீடியோ உதவி நடுவர்) முடிவுகளை நடுவரே ஒலிபெருக்கியில் மைதானத்துக்கு அறிவித்ததும் இதே திசையில் ஒரு நகர்வு. நடுவர் பேசாமல் கையை மட்டும் காட்டிவிட்டுப் போன காலத்தில், அவரைச் சந்தேகிப்பது எளிதாக இருந்தது.

யூரோவுக்குப் பிறகு ஜெர்மனி இதைப் பெரிய லீகிலிருந்து கிராமத்து லீக் வரை எல்லா மட்டத்துக்கும் கொண்டுவந்தது. ஆட்டவிதிகளை வகுக்கும் சர்வதேச வாரியமான இஃபாப், ‘கேப்டன் மட்டும்’ என்பதற்கான வழிகாட்டு முறைகளை விதிப்புத்தகத்தில் சேர்த்துவிட்டது. நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தால், கேப்டனைத் தவிர மற்றவர்கள் விலகி நிற்க வேண்டும் என்று அர்த்தம்.

வீரர்களைப் பற்றி இவ்வளவு போதும். உண்மையில் இந்த நோயின் வேர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் மனிதரிடம் இருக்கிறது.

நம் ஊர் மைதானம் ஏதாவது ஒன்றுக்கு ஞாயிறு காலையில் போய், பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களின் ஆட்டம் ஒன்றைப் பத்து நிமிடம் பாருங்கள். பந்து வெளியே போகிறது, த்ரோ இன் எதிரணிக்கு என்று நடுவர் கை காட்டுகிறார். அந்தப் பையன் முதலில் நடுவரைப் பார்ப்பதில்லை. தன் கோச்சைப் பார்க்கிறான். கோச் இரண்டு கைகளையும் விரித்து ‘என்ன சார் இது?’ என்று கத்தினால், இவனும் கையை விரித்து ‘சார், சார், அவன் கால்ல பட்டுதான் போச்சு சார்’ என்று ஓடுகிறான். கோச் ஒன்றும் சொல்லாமல் ‘வா, வா, மார்க் பண்ணு’ என்றால், அவன் திரும்பி வந்து ஆள் பிடிக்கிறான். பையனுக்குச் சொந்தமாக ஆத்திரம் வருவதற்கு முன்பே அது இரவல் கிடைத்துவிடுகிறது. இதை ஒரு முறை கவனித்துவிட்டால் பிறகு எல்லா ஆட்டத்திலும் கண்ணில் படும்.

கோச்சுக்குச் சொந்தக் காரணங்களும் உண்டு. தோற்ற அணியின் கோச் வேலைக்கு ஆபத்து. தன் தேர்வு தவறு, தன் திட்டம் தவறு என்று ஒப்புக்கொள்வதைவிட நடுவர் மேல் போடுவது பாதுகாப்பு. கிளப் நிர்வாகத்துக்கும் அது வசதி, ரசிகருக்கும் வசதி. ஆனால் மைக் முன்னால் சொன்ன ஒரு வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது சொன்னவர் கையில் இல்லை. 2005 பிப்ரவரியில் பார்சிலோனாவிடம் செல்சி 2-1 என்று தோற்றது. இடைவேளையில் பார்சிலோனா கோச் ரைக்கார்ட் நடுவர் அறைக்குப் போனார் என்று செல்சி கோச் ஜோசே மொரின்யோ குற்றம் சாட்டினார். அடுத்த சில நாட்களில் சுவீடனைச் சேர்ந்த அந்த நடுவர் ஆண்டர்ஸ் ஃப்ரிஸ்க்குக்கும் குடும்பத்தாருக்கும் கொலை மிரட்டல்கள் குவிந்தன. ஐரோப்பாவின் தலைசிறந்த நடுவர்களில் ஒருவர், விசிலைக் கழற்றி வைத்துவிட்டு ஓய்வு பெற்றார். யூஃபாவின் நடுவர் குழுத் தலைவர் ஃபோல்கர் ரோத், மொரின்யோவைக் கால்பந்தின் எதிரி என்றே சொன்னார். மொரின்யோவுக்குக் கிடைத்தது 2 ஆட்டத் தடை.

பதினெட்டு வருடம் கழித்து, 2023 மே 31, புடாபெஸ்ட். யூரோப்பா லீக் இறுதியில் செவிய்யாவிடம் ரோமா பெனால்டியில் தோற்றது. ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்து நடுவர் ஆண்டனி டெய்லரைத் திட்டினார், அப்போது ரோமாவின் கோச்சாக இருந்த அதே மொரின்யோ. மறுநாள் விமான நிலையத்தில், குடும்பத்தோடு இருந்த டெய்லரை ரோமா ரசிகர்கள் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள், நாற்காலி பறந்தது. இம்முறை 4 ஆட்டத் தடை. கோச் திட்டியதால்தான் நாற்காலி பறந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் பெரிய மனிதர் ஒருவர் செய்து காட்டியதை அவரை நேசிப்பவர்கள் பெரிதாக்கிச் செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

இதன் உச்சம் துருக்கியில் நடந்தது. 2023 டிசம்பர் 11, அங்காரா. கடைசி நிமிடங்களில் ரிசேஸ்போர் கோல் அடித்து 1-1 என்று சமன் செய்ய, ஆட்டம் முடிந்ததும் அங்காராகுசு கிளப்பின் தலைவர் ஃபாருக் கோஜா நேராகக் களத்துக்குள் நடந்து வந்து நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார். கீழே விழுந்தவரை வேறு சிலர் உதைத்தார்கள். துருக்கியின் லீகுகள் அத்தனையும் ஒரு வாரம் நிறுத்தப்பட்டன. கோஜாவுக்கு வாழ்நாள் தடை. மெலர் பயந்து ஒதுங்கவில்லை. ஆறே மாதத்தில் யூரோ கோப்பையில் பெல்ஜியம் - சுலோவாக்கியா ஆட்டத்தை நடத்தினார். பெல்ஜியத்தின் லுகாகு அடித்த இரண்டு கோல்களை வி.ஏ.ஆர். துணையோடு ரத்து செய்தார், பெல்ஜியம் 1-0 என்று தோற்றது. அவருடைய மனவுறுதிக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் நடுவர் வேலைக்கு இவ்வளவு துணிச்சல் தேவைப்படக் கூடாது.

கோச்சுகளுக்கு 2019 வரை அட்டை கிடையாது. நடுவர் போய்ப் பேசி ‘கேலரிக்குப் போங்கள்’ என்பார், என்ன நடந்தது என்பது பார்ப்பவருக்குப் புரியாது. அந்த ஆண்டு ஜூன் முதல் கோச்சுகளுக்கும் மஞ்சள், சிவப்பு உண்டு. எதற்கெல்லாம் மஞ்சள் என்று விதியில் இருக்கும் பட்டியலைப் படித்தால், எழுதியவர்கள் எல்லைக்கோட்டை எவ்வளவு நெருக்கமாகக் கவனித்திருக்கிறார்கள் என்று தெரியும். தண்ணீர் பாட்டிலை எறிவது அல்லது உதைப்பது. கிண்டலாகக் கை தட்டுவது. எதிரணி வீரனுக்கு அட்டை கொடு என்று விடாமல் சைகை காட்டுவது. வி.ஏ.ஆர். பார் என்று விரலால் டிவி பெட்டி வரைந்துகொண்டே இருப்பது. இவற்றோடு ஒரு அருமையான சேர்க்கை: பெஞ்சிலிருந்து கத்தியவர் யார் என்று நடுவருக்குத் தெரியவில்லை என்றால், அங்கே இருக்கும் தலைமைக் கோச்சுக்கு அட்டை விழும். சின் பின்னில் பார்த்த அதே தத்துவம்தான். உதவியாளர்களை அடக்கும் பொறுப்பு இப்போது தலைமைக் கோச்சின் தலையில். பிரீமியர் லீகில் கோச் ஒருவர் மூன்று மஞ்சள் அட்டை சேர்த்தால் ஒரு ஆட்டம் எல்லைக்கோட்டருகே நிற்க முடியாது.

கேமராவே இல்லாத மைதானங்களில்தான் ஆபத்து அதிகம். நெதர்லாந்தின் அல்மேரில் 2012 டிசம்பர் 2 அன்று, தன் மகன் ஆடிய சிறுவர் அணி ஆட்டத்துக்குத் தன்னார்வலராகக் கொடி பிடித்த ரிச்சர்ட் நியூவென்ஹவுசன் என்ற 41 வயதுக்காரரை, ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் கீழே தள்ளித் தலையில் உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். பதின்வயதுப் பையன்களோடு சேர்த்து, ஒரு பையனின் தந்தையும் தண்டிக்கப்பட்டார். தந்தைக்கு 6 வருடச் சிறை. அடுத்த வார இறுதியில் நெதர்லாந்து முழுவதும் அமெச்சூர் ஆட்டங்கள் ஒன்றுகூட நடக்கவில்லை. ஆஃப்சைடா இல்லையா என்று கொடி தூக்கிய ஒரு அப்பா அவர். இதற்கு மேல் இதைப்பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

ஜெர்மனியில் 2022-23 சீசனில் மட்டும் வன்முறையாலும் பாகுபாட்டாலும் 961 அமெச்சூர் ஆட்டங்கள் பாதியில் நின்றன. நடக்கும் லட்சக்கணக்கான ஆட்டங்களோடு ஒப்பிட்டால் சிறு பங்குதான். ஆனால் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ‘இனி இந்த வேலை வேண்டாம்’ என்று வீட்டுக்குப் போகிற ஒரு நடுவர் இருக்கலாம். அங்கே 2024-25 முதல் புதிய ஏற்பாடு ஒன்று. சூடு ஏறுவதை உணர்ந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். இரு அணிகளும் தத்தம் பெனால்டி கட்டத்துக்குள் போய்விட வேண்டும். கேப்டன்களும் கோச்சுகளும் மட்டும் நடுவட்டத்துக்கு வர வேண்டும். அங்கே நடுவர் என்ன பிரச்சினை என்று சொல்வார், அவர்கள் போய்த் தம் ஆட்களைத் தணிக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் இப்படி இரண்டு முறை நிறுத்தலாம். மூன்றாவது முறை தேவைப்பட்டால் ஆட்டமே ரத்து. முன்பெல்லாம் நடுவருக்குக் கையில் இரண்டே வழிகள், சகித்துக்கொள்வது அல்லது ஆட்டத்தைக் கைவிட்டு ஓடுவது. இப்போது நடுவில் ஒரு படி கிடைத்திருக்கிறது. இரு அணிகளுக்கும் இடையில் அரை மைதான தூரத்தை உண்டாக்குவதுதான் இதில் பாதி வெற்றி.

இங்கிலாந்தும் சும்மா இல்லை. 2023 முதல் மிடில்ஸ்பரோ போன்ற ஊர்களில் அடித்தள நடுவர்கள் நெஞ்சில் கேமரா மாட்டிக்கொண்டு ஆட்டம் நடத்திப் பார்க்கிறார்கள். நடுவரைத் தாக்குவது போன்ற கடுமையான குற்றம் ஒரு கிளப்பில் திரும்பத் திரும்ப நிரூபணமானால் 3 முதல் 12 புள்ளிகள் வரை வெட்டுகிறார்கள். தனிநபர் தடையைவிடப் புள்ளி வெட்டு ஏன் கூர்மையானது என்றால், லீகில் ஓரிடம் கீழே இறங்குவது செயலாளர் முதல் பொருளாளர் வரை எல்லாரையும் சுடும்.

இதற்கெல்லாம் எதிராக ஒரு வாதம் எப்போதும் வரும், அது வெறும் சால்ஜாப்பு அல்ல. நடுவர்கள் ஆட்டத்தை மோசமாக நடத்துகிறார்கள், அதைக் கேட்கக்கூடாதா? கேட்க வேண்டும். நம் மாவட்ட லீகுகளில் பயிற்சி போதாத நடுவர்கள் இருக்கிறார்கள், பந்திலிருந்து அறுபது அடி தள்ளி நின்றுகொண்டு விசில் ஊதுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கத்தினால் அவர்கள் தரம் உயரவில்லையே. மாறாக, நல்லவர்கள் விலகுகிறார்கள், தடித்த தோல்காரர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். பதினெட்டு வயதில் நடுவர் தேர்வு எழுதிவிட்டு வரும் ஒரு பெண்ணோ பையனோ முதல் சீசனைத் தாண்டினால்தான் பத்தாவது சீசனில் நமக்கு ஒரு நல்ல நடுவர் கிடைப்பார். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி இந்தியாவுக்காக ஆடியவர், பிறகு விசிலைக் கையில் எடுத்து 2016-ல் ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம் பிடித்தார். தமிழ்நாட்டு மைதானங்களிலிருந்து அந்த உயரத்துக்குப் போகும் பாதை இருக்கிறது. அந்தப் பாதையின் முதல் படி எங்கோ ஒரு மண் மைதானத்தில், ஒரு நாள் கூலிக்கு, யாரோ ஒருவரின் வசவுக்கு நடுவில்தான் இருக்கிறது.

தரம் பற்றிய புகாருக்குச் சரியான இடம் ஆட்டத்துக்குப் பிந்தைய அறிக்கை. கிளப்கள் எழுத்தில் கொடுக்கட்டும், மதிப்பீட்டாளர் ஒருவர் ஓரத்தில் நின்று நடுவருக்கு மதிப்பெண் போடட்டும், மோசமானவர் அடுத்த வாரம் சிறிய ஆட்டத்துக்கு இறங்கட்டும். இந்த வழி திறந்திருந்தால், கத்துவதற்கு ‘வேறு வழியில்லை’ என்ற சாக்கு போய்விடும். நம் பக்கத்துப் போட்டி நடத்துபவர்கள் கோப்பைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழிப்பதில் சிறு பங்கை இந்த மதிப்பீட்டாளருக்குக் கொடுத்தால் போதும்.

மற்றவற்றுக்கு அந்தச் செலவும் இல்லை. டாஸ் போடும்போதே இரண்டு கேப்டன்களையும் இரண்டு கோச்சுகளையும் நிற்கவைத்து, நடுவரிடம் பேசுவது கேப்டன்கள் இருவர் மட்டும், மற்றவர் வந்தால் 10 நிமிடம் வெளியே, பெஞ்சிலிருந்து குரல் வந்தால் அட்டை கோச்சுக்கு என்று சொல்லிவிட இரண்டு நிமிடம் போதும். முதல் ஆட்டத்தில் முதல் மீறலுக்கே நடுவர் அதைச் செய்துகாட்ட வேண்டும், போட்டிக் குழு அவர் பின்னால் நிற்க வேண்டும். சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டால் 2008-ன் இங்கிலாந்துக் கதைதான் இங்கும்.

பெரிய லீகுகளுக்குத்தான் சின் பின்னுக்கு இன்னும் அனுமதியில்லை. சிறுவர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடித்தள ஆட்டங்கள் ஆகியவற்றில் இதைப் பயன்படுத்தத் தேசியச் சங்கங்களுக்கு 2017-லேயே இஃபாப் கதவைத் திறந்துவிட்டது. அகில இந்தியக் கூட்டமைப்பு ஒரு சுற்றறிக்கை விட்டால், வரும் சீசனிலேயே சென்னை, திண்டுக்கல், நாகர்கோவில் சிறுவர் லீகுகளில் இதைத் தொடங்கலாம்.